நாலு மணிக் குறிப்பு

அன்று அந்த அறையில் ஆறு பேர் இருந்தோம். வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட விசாரணை அதிகாரி அம்மையார், நிர்வாக மேலாளர், ‘டிகிரி’ என்று எல்லோரும் அழைக்கும் குளிர்சாதன எஞ்சினியர், எனக்குத் துணையாகச் சங்கச் செயலாளர், கொளுத்தும் வெயிலிலும் குல்லாயைக் கழற்றாத சுமைக்காரன் ‘கம்பளி’, பிறகு நான். என் குடும்பத்தார் யாரும் இல்லை. வர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

முதல் விசாரணைக்கு இத்தனை பேர் தேவைப்படவில்லை. டிகிரி கேட்டார், டிகிரியே எழுதினார், தீர்ப்பையும் டிகிரியே சொன்னார். இருபத்தாறு வருடம் மீன் கிடங்கின் குளிர் அறைக்குப் பொறுப்பாக இருந்தவனை அனுப்ப இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது. நான் மணிக்கு ஒரு தடவை உள்ளே போய், வெப்பமானியைப் பார்த்து, நோட்டில் எழுத வேண்டியவன். அப்படிப் போகாமலே எட்டு தடவையும் ‘மைனஸ் பதினெட்டு’ என்று எழுதிவிட்டேன், இயந்திரம் நின்றது தெரியாமல் மூன்று டன் மீன் கெட்டது என்பது குற்றச்சாட்டு. வெப்பமானியின் முள் சிக்கியிருக்கலாம் என்றேன். அதைச் சரிபார்க்க வேண்டியவர் டிகிரி. நான் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. நான் உள்ளே போனதைப் பார்க்கவில்லை என்று கம்பளியிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள். அவனை ஒரு கேள்வி கேட்க என்னை விடவில்லை.

“பூனையையே பாலுக்குக் காவல் வெச்சு, பால் எங்கேன்னு விசாரிக்கவும் பூனையையே அனுப்பின கதை” என்றார் சங்கச் செயலாளர்.

பதினான்கு மாதம் வீட்டில் இருந்தேன். காலை ஆறு மணிக்கு முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டு, போக இடமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். தெருவில் என்னைக் கண்டவர்களுக்கு எதிர்ச் சாரியில் திடீரென்று வேலை வந்தது. மகன் என்னோடு ஒரே வீட்டில்தான் இருந்தான். நான் சாப்பிட்டு எழுந்த பிறகே சாப்பிட வருவான்.

பிறகு தொழிலாளர் தீர்ப்பாயம் பணிநீக்கம் செல்லாது என்றது. சம்பந்தப்பட்ட கருவிக்குப் பொறுப்பானவரே விசாரித்தது தவறு, சாட்சியைக் கேள்வி கேட்க விடாததும் தவறு என்று தீர்ப்பில் இருந்தது. நிர்வாகம் விரும்பினால் முறைப்படி மறுபடி விசாரிக்கலாம் என்றும் இருந்தது. நான் வெப்பமானியைப் பார்த்தேனா இல்லையா என்பது பற்றி ஒரு வரி இல்லை. மூன்று தடவை படித்துவிட்டு வழக்கறிஞரிடம் போனேன்.

“நாம ஜெயிச்சுட்டோம், ஐயா. அவங்க மறுபடி விசாரிக்கப் போறதில்லை. பேசி முடிச்சுக்கலாம்னு சொல்றாங்க.”

“நான் பார்த்தேன்னு எங்க எழுதியிருக்கு?”

“அது தீர்ப்பாயத்தோட வேலை இல்லைங்க. விசாரிச்ச முறை தப்புன்னு சொல்லிட்டாங்க, அது போதும்.”

எனக்குப் போதவில்லை. எங்கள் குடும்பத்தில் குடிகாரர் உண்டு, கோபக்காரர் உண்டு. பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதியவர் இல்லை. மறு விசாரணை வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்தேன். கத்திக்குத் தப்பிய கழுத்தைத் திரும்பவும் கொண்டுபோய் நீட்டுவார்களா என்று மகன் கேட்டான். ஒரு மாதத்தில் அவன் என்னிடம் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

அம்மையார் நியாயமாக நடத்தினார். வெப்பமானியைப் பெட்டியோடு வரவழைத்து எல்லோர் முன்னாலும் சோதிக்கச் செய்தார். ஐஸ் தண்ணீரிலும் வெந்நீரிலும் முள் மைனஸ் பதினெட்டிலேயே நின்றது. குளிர் குறைந்தால் உடம்புக்குத் தெரியாதா என்றார் டிகிரி. கனத்த கோட்டோடு ஒரு நிமிடம் போய் வருகிறவனுக்குத் தெரியாது என்றேன். அதையும் அம்மையார் எழுதிக்கொண்டார். மிச்சமிருந்தது ஒன்றுதான். நான் உள்ளே போனேனா? கம்பளியைக் கேட்கும் முறை எனக்கு வந்தது.

“நான் உள்ளே போனதை நீ பார்த்தியா?”

“வேலை நேரத்துல உங்க மூஞ்சியை யாருண்ணே பார்த்தா? உங்க மூக்குக் கண்ணாடியைத்தான் பார்த்தேன். உள்ள போயிட்டு வந்தா அதுல பனி பூத்துடும். வாசல்ல நின்னு துடைச்சுக்கிட்டே இருப்பீங்க.”

“அன்னைக்கு எத்தனை தடவை?”

அவன் என்னை நேராகப் பார்த்தான். “எட்டு தடவையும்ணே.”

சங்கச் செயலாளர் மேசைக்கு அடியில் என் முழங்காலை அழுத்தினார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. நான் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. ஆனால் அது உண்மையில்லை என்பது எனக்கும் கம்பளிக்கும் தெரியும்.

“ஏழு” என்றேன்.

அம்மையாரின் பேனா நின்றது.

“நாலு மணிக்கு நான் உள்ளே போகலை. போன் வந்தது. உள்ளே சிக்னல் கிடைக்காது, வெளியே நின்னு பேசினேன். மூணு மணிக்கு எழுதினதையே நாலுக்கும் எழுதிட்டேன்.”

“யாரோட பேசினீங்க?”

“என் மகளோட.”

அவள் தூர தேசத்தில் இருக்கிறாள். ஐந்து மாதம் கழித்து அன்றுதான் கூப்பிட்டாள். ஒன்பது நிமிடம் பேசினாள்.

இதை உறுதி செய்ய மகளிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார் அம்மையார். எல்லோரிடமும் ஆதாரம் கேட்டு வாங்கியவன், என் வீட்டிலிருந்து மட்டும் தரமாட்டேன் என்று சொல்ல முடியாது. முகவரி கொடுத்தேன். தேதியும் நேரமும் போட்டு அவள் இரண்டு வரி எழுதி அனுப்பினாள். தன் அழைப்பால்தான் நான் அன்று உள்ளே போகவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

முடிவு எழுத்தில் வந்தது. ஏழு தடவை பார்த்தது உண்மை, கருவி பழுது, ஒரு குறிப்பு பொய், அதற்கு எச்சரிக்கை, மறுபடி வேலை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். டிகிரி என்னைக் கண்டால் வேறு வழியாகப் போகிறார். கம்பளி ஒரே ஒரு தடவை பேசினான்.

“உங்களுக்காகத்தாண்ணே சொன்னேன். அத்தனை பேர் முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்டீங்களே.”

இப்போது தேநீர் இடைவேளையில் எனக்கு ஒரு பெஞ்சு முழுதும் கிடைக்கிறது.

மகளால்தான் இவ்வளவும் என்று நான் அவளை ஒதுக்கிவைத்துவிட்டதாக உறவில் ஒரு பேச்சு நடக்கிறது. அது பொய். நான் யாரையும் ஒதுக்கவில்லை. அந்தக் கடிதத்துக்குப் பிறகு இரண்டு தடவை நானே கூப்பிட்டேன். அவள் எடுக்கவில்லை.