சந்தனம் பூசிய கட்டை

கள்ளக்குறிச்சி மைதானத்தில் புதிதாக வெட்டிய தண்ணீர்க் குழிக்கும், அதன் விளிம்பில் குறுக்கே நட்ட கட்டைக்கும் அன்று காலை பூசை நடந்தது. டிராக்டருக்கு உண்டு, மிக்சிக்கு உண்டு. தடை தாண்டும் ஓட்டத்துக்கு வந்த கட்டை மட்டும் என்ன பாவம் செய்தது? சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை சாத்தி, தடகளச் சங்கச் செயலாளர் கண்ணாயிரம் தேங்காய் உடைத்தார். பிறகு, தாம் வாங்கிவந்த பொன்னாடையைத் தமக்கே போர்த்தச் செய்தார்.

அதற்குப் பிறகுதான் யாருக்கோ ஞாபகம் வந்தது, அந்தக் கட்டை மேல் காலை வைத்துத்தான் குழியைத் தாண்டுவார்கள் என்று.

கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த அமிர்தம் அப்படித்தான் பழகியிருந்தாள். இடது பாதம் கட்டை மேல். முட்டி மடங்க வேண்டும், தலை உயரக் கூடாது. உடம்பு கட்டையைக் கடந்ததும் ஒரே உந்து. குழி கட்டையோரம் ஆழம், போகப் போக மேடு. தூரமாக உந்தினால் ஒரு கால்தான் நனையும். ஜெயித்தால் மாநிலப் போட்டி.

"சாமி கும்புட்ட கட்டை. கால் பட்டுச்சுன்னா மாநிலத்துக்கு உன் பேரு போவாது," என்றார் கண்ணாயிரம்.

"சாமி கோச்சிக்குமா சார்?"

"நான் கோச்சிப்பேன்."

"அவ்ளோதானா சார்? நான் சாமிதான் கோச்சிக்குமோன்னு பயந்துகினு இருந்தேன்."

ஓட்டம் தொடங்கியது. முன்னால் போன சங்கராபுரத்துக் கமலா கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எம்பிக் குதித்து, தொடையளவு தண்ணீரில் இறங்கினாள். மற்றவர்களும் பக்தியோடு நனைந்தார்கள். அமிர்தம் சந்தனத்தில் காலை வைத்தாள்; எல்லோரையும் கடந்து அக்கரையில் இருந்தாள்.

"ஏ மலைக்காரப் பொண்ணே, பேர அடிச்சிடுவேன்!" மைக் அலறியது.

"பேரு போவலன்னா இன்னா, நீ போ கண்ணு!" என்று மாங்காய் விற்ற அம்மாள் திருப்பிக் கத்தினாள். கூட்டம் சிரித்தது.

கண்ணாயிரம் மைக்கை விட்டுவிட்டு நேரே குழிக்கு வந்தார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தடத்தைத் துடைத்துப் புதுச் சந்தனம் பூசினார். அடுத்த சுற்றில் அதே இடத்தில் அதே தடம். கடைசிச் சுற்றில் சந்தனக் கிண்ணம் காலி. கைக்குட்டையும் ஊறிவிட்டது. தோளிலிருந்த பொன்னாடையை உருவிக் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் வந்துகொண்டிருந்தாள். வேகம் குறையவில்லை; கூடியிருந்தது.

"கைய எடுங்க சார்!"

கை வந்தது. பொன்னாடை வரவில்லை.

ஜரிகை பளபளக்க அது குழியில் மிதந்தது. நடுவில், மஞ்சளும் சிவப்புமாக, கேன்வாஸ் ஷூவின் தடம் ஒன்று மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. எடுக்கக் குனிந்தார் கண்ணாயிரம். பின்னால் கமலா வரும் சத்தம் கேட்டது. இந்த முறை அவள் கை கட்டைப் பக்கம் போகவில்லை. கால் உயர்ந்தது.