வாரத்துக்கு ஏழு பீரியட்

அந்தப் பள்ளியில் இரண்டு கால அட்டவணைகள் இருந்தன. ஒன்று வகுப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். அதன்படிதான் மணி அடித்தார்கள். இன்னொன்று வண்ணத்தாளில் அச்சடித்து, லேமினேட் செய்து, அலுவலக அலமாரியில் கிடக்கும். அலமாரியில் இருந்ததன்படி ஒன்பதாம் வகுப்புக்கு வாரத்துக்கு ஏழு பீரியட் சமூக அறிவியல், இரண்டு ஓவியம், இரண்டு விளையாட்டு, ஒன்று நூலகம். கதவில் இருந்ததில் இவை எதுவுமே கிடையாது. கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல், பிறகு மறுபடியும் கணக்கு.

அன்பரசி அங்கே சமூக அறிவியல் ஆசிரியை. புவியியலில் முதுகலை படித்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் திருப்போரூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது பதினோராம் வகுப்பில் வரலாறு, புவியியல், பொருளியல் சேர்ந்த குரூப் ஒன்று இருந்தது. பிள்ளைகள் விரும்பித்தான் சேர்ந்தார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் அதை மூடினார்கள். சாலையோரம் வைக்கிற பேனரில் டாக்டர் சீட்டு வாங்கிய பிள்ளைகளின் முகங்கள்தான் இருக்க வேண்டும் என்று தாளாளர் நரசிம்மன் முடிவு செய்துவிட்டார். அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்பின் சமூக அறிவியல் பீரியட்கள் நுழைவுத் தேர்வுக்கான பவுண்டேஷன் வகுப்புக்குப் போயின. வருடக் கடைசியில் அன்பரசி பத்துக் கேள்வி பதில்களைப் பிரதி எடுத்துக் கொடுப்பாள். அந்தப் பத்திலிருந்தே கேள்வித்தாளும் அவளே தயாரிப்பாள். எல்லாருக்கும் தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் வரும்.

இதையெல்லாம் அவள் செய்துகொண்டுதான் இருந்தாள். கணவன் ஜோயலுக்குக் கல்பாக்கத்தில் ஒப்பந்த வேலை. வருடா வருடம் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்ற பயம் அவனுக்கு. வீட்டில் இரண்டு பேரில் ஒருவர் சம்பளமாவது நிலையாக வரட்டும் என்று அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி மாதம் ஒரு வியாழக்கிழமை நரசிம்மன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அங்கீகாரம் புதுப்பிக்கும் ஆய்வு திங்கட்கிழமை என்றார். ஒன்பதாம் வகுப்பின் நான்கு பிரிவுக்கும் சமூக அறிவியல் நோட்டு வேண்டும். ஜூன் முதல் ஜனவரி வரை, தேதி போட்டு, திருத்தி, கையெழுத்தோடு.

"மூணு நாள்ல எப்டி சார்?"

"சனி, ஞாயிறு வரச் சொல்லிக்கீறேன். நீங்க நோட்ஸ போர்டுல எழுதிப் போடுங்க, பசங்க பாத்து எழுதட்டும். பேனாவ மட்டும் மாத்தி மாத்தி எழுதச் சொல்லுங்க மேடம். ஒரே பேனாவுல இருந்தா கண்டுபிடிச்சிருவாங்க."

அவர் அதைச் சமையல் குறிப்பு சொல்வதுபோலச் சொன்னார். அலுவலகக் கிளார்க் மேரி நீலம், கறுப்பு, கருநீலம் என்று மூன்று பெட்டி ஜெல் பேனாக்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மேரியும் நிமிர்ந்து பார்க்கவில்லை, அன்பரசியும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆரம்பித்தார்கள். நூற்று அறுபது பிள்ளைகளைக் கூட்ட அரங்கில் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். அன்பரசி போர்டில் 'ஜூன் 12' என்று எழுதினாள். பிள்ளைகள் ஜூன் 12 என்று எழுதினார்கள். ஒரு பக்கம் முடிந்ததும், "இப்ப கறுப்புப் பேனா எடுங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே எரிச்சலாக இருந்தது. பிள்ளைகள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் அவளை ரொம்பவும் உறுத்தியது. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இது பொய் என்று தெரிகிறது, பொய்யை எப்படி எழுதினால் நம்புவார்கள் என்றும் தெரிகிறது. ஒரு பையன் நோட்டின் மூலைகளைக் கசக்கி, பழசு மாதிரி ஆக்கிக்கொண்டிருந்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமலே. பக்கத்தில் இருந்தவன் அதைப் பார்த்து அப்படியே செய்தான்.

சனிக்கிழமை மத்தியானம் கடல் அரிப்பு பற்றிய பக்கம் வந்தது. எழில் என்ற பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து பள்ளி வேனில் வருகிற பெண். அவள் அப்பா மாரி பைபர் படகில் மீன் பிடிக்கப் போகிறவர்.

"மிஸ், எங்க குப்பத்துக்குத் தெக்கால தூண்டில் வளைவுன்னு கல்லு கொட்னாங்க. அதுக்கப்புறந்தான் கடலு எங்காண்ட உள்ள வந்துச்சு. மூணு வரிச வூடு போயிருச்சு. ரெண்டுத்துக்கும் சம்மந்தம் கீதா?"

அன்பரசி சாக்பீஸைக் கீழே வைத்தாள். சம்பந்தம் இருக்கிறது. இந்தக் கரையில் வருடத்தில் அதிக நாள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் கல்லைக் கொட்டினால் மணல் அங்கேயே தேங்கிவிடும். அதற்கு வடக்கே இருக்கிற கரைக்கு மணல் வராது. அலை இருக்கிற மணலையும் தின்றுவிடும். ஐந்து நிமிடம் போதும். போர்டில் ஒரு கோடு, நாலு அம்புக்குறி. இதற்காகத்தான் அவள் அந்தப் பாடத்தைப் படித்தாள். ஒன்பது வருடத்தில் இப்படி ஒரு கேள்வி அவளுக்கு வந்ததே இல்லை.

வாயைத் திறப்பதற்குள் நரசிம்மன் அரங்கின் பின்பக்கம் வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, எத்தனை பக்கம் முடிந்தது என்று கேட்டார். இன்னும் நாற்பது பக்கம் பாக்கி இருந்தது.

"அப்புறம் சொல்றேன், எழுதும்மா" என்றாள் அன்பரசி.

எழில் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து எழுதினாள். கடல் அரிப்பின் காரணங்கள், ஒன்று, இரண்டு, மூன்று. கருநீலப் பேனா.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாமல் மத்தியானம்வரை பிள்ளைகளை எழுதவைத்துவிட்டு, பிறகு அன்பரசி வீட்டில் உட்கார்ந்து நூற்று அறுபது நோட்டுகளிலும் சிவப்பு மையில் சரி போட்டுக் கையெழுத்திட்டாள். நடுநடுவே ஒரு பிழையைச் சுழித்துத் திருத்தினாள், உண்மையாக இருக்கட்டும் என்று. எழுந்து போய் இரண்டு தடவை முகம் கழுவினாள். ஜோயல் என்ன ஆச்சு என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள்.

திங்கட்கிழமை லேமினேட் செய்த அட்டவணைகள் கதவுகளுக்கு வந்துவிட்டன. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஐம்பது வயதுக்காரர், அமைதியானவர். 9-பி வகுப்பில் நாலைந்து நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். எழிலை எழுப்பி, சமூக அறிவியல் வாரத்துக்கு எத்தனை பீரியட் என்று கேட்டார்.

"ஏழு சார்."

"யார் எடுக்கறாங்க?"

"அன்பரசி மிஸ் சார்."

தடங்கலே இல்லாமல் வந்தது பதில். உட்கார்ந்த பிறகு அந்தப் பெண் அன்பரசியைப் பார்த்தாள். சரியாகச் சொன்னேனா மிஸ் என்கிற பார்வை அது.

அதிகாரி எழிலின் நோட்டை எடுத்தார். ஜூலை மாதத்துப் பக்கம் ஒன்றில் விரலை வைத்துப் படித்தவர் விரலை எடுத்தபோது நுனியில் கறுப்பு மை. வரியும் இழுபட்டிருந்தது. விட்டுப்போன அந்தப் பக்கத்தை எழில் அன்று காலையில்தான் எழுதியிருக்க வேண்டும். அதிகாரி விரலைப் பார்த்தார். பிறகு அன்பரசியைப் பார்த்தார். அவளுக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. கேட்கட்டும், இப்போதே கேட்கட்டும் என்று நினைத்தாள்.

அவர் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் பிரியாணி வந்தது. தாளாளர் அறையில் அதிகாரி தன் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது வராந்தாவில் நின்ற அன்பரசிக்குக் கேட்டது. பெண்ணுக்குக் கணக்கு வராதாம், கதைப் புத்தகமாகப் படிக்கிறாளாம், இந்தப் பள்ளியில் பதினொன்றில் பயாலஜி குரூப் கிடைக்குமா என்று கேட்டார். தாராளமாக என்றார் நரசிம்மன். ஆசிரியர்கள் ஓய்வறையில் அன்பரசியின் இலையில் யாரோ பரிமாறிவிட்டுப் போனார்கள். இலையை அப்படியே மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். மூன்று மணிக்கு 9-பி பக்கம் போனபோது கதவில் பழைய அட்டவணை திரும்பி வந்திருந்தது. உள்ளே கணக்கு நடந்துகொண்டிருந்தது.

அந்த வாரமே அவள் செங்கல்பட்டில் இருக்கிற மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் பஸ் ஏறிப் போய், நடந்ததை நாலு பக்கத்துக்கு எழுதி, கதவில் இருந்த அட்டவணையின் போட்டோவையும் சேர்த்துப் புகார் கொடுத்தாள். கடலைப் பற்றி எழில் கேட்டதையும், தான் போட்ட கையெழுத்துகளையும் மறைக்காமல் எழுதினாள். வாங்கிக்கொண்டவர் ரசீது கொடுத்தார். மூன்றாவது வாரம் அந்தப் புகார் அப்படியே, அவள் பெயரோடு, 'விளக்கம் தரவும்' என்ற குறிப்போடு பள்ளிக்கு வந்து சேர்ந்தது.

நரசிம்மன் கோபப்படவில்லை. பெற்றோர் கூட்டம் ஒன்று போட்டார். அவளையும் மேடையில் உட்காரவைத்து, புகாரைப் படித்துக் காட்டி, மேடம் இப்படிச் சொல்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். சிறுசேரியில் வேலை பார்க்கிற அப்பா ஒருவர், ஓவியமும் நூலகமும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், அதற்கா பள்ளிக்கு அனுப்புகிறோம் என்றார். ஒரு அம்மா, போட்டி எவ்வளவு கடுமை என்று மேடத்துக்குத் தெரியவில்லை என்றார். பலர் கை தட்டினார்கள். பின்வரிசையில் மாரி உட்கார்ந்திருந்தார். இவராவது பேசுவார் என்று அன்பரசி அவரையே பார்த்தாள். கடைசியில் எழுந்தார்.

"டீச்சரம்மா, நீங்க நல்ல மனசோட சொல்றீங்க, இல்லன்னு சொல்லல. ஆனா கடலப் பத்தி எங்களுக்கு இன்னா தெரியாம கீது? அது வூட்ட எடுத்துக்கினு போறத தெனம் பாத்துகினு கீறோம். எம்பொண்ணு அத வுட்டு வெளிய வரணும்னுதான் கடன்பட்டு இங்க சேத்துக்கீறேன். அவள மறுபடியும் அங்கயே இஸ்துக்கினு போவாதீங்க."

மாரியின்மேல் அன்பரசிக்குக் கோபமே வரவில்லை. டாக்டர் என்கிற ஒரே ஒரு கதவைக் காட்டி, அந்த மனுஷனையும் வரிசையில் நிற்கவைத்து, மற்ற கதவுகளையெல்லாம் சுவராக்கிப் பூசிவிட்டார்களே என்றுதான் அருவருப்பாக இருந்தது. கை தட்டியவர்களும் அவருக்காகத் தட்டவில்லை.

மறுநாள் மேரி ஒரு தாளோடு வந்தாள். எல்லாப் பாடங்களும் அரசு விதிப்படி நடத்தப்படுகின்றன என்ற விளக்கம். கீழே இருபத்திரண்டு ஆசிரியர்களின் கையெழுத்து. ஓவிய ஆசிரியர் என்று போட்டிருந்த இடத்தில் பள்ளி வேன்களைப் பார்த்துக்கொள்கிறவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அன்பரசியின் இடம் மட்டும் காலி.

"போட்டுருங்க மேடம், எதுக்கு பேஜாரு" என்றாள் மேரி மெதுவாக.

அன்பரசி பேனாவை எடுத்தாள். அந்தத் தாளின் குறுக்கே, 'ஒன்பதாம் வகுப்புக்கு நான் இந்த வருடம் ஒரு பீரியட்கூட எடுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மேரி வேறு தாள் டைப் செய்யப் போனாள். சாயங்காலம் அன்பரசியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ராத்திரி வீட்டில் ஜோயல் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டே, "நீ முன்னமே பண்ணிருக்கணும்" என்றான்.

ஜூனில் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தாள். சம்பளம் குறைவு. ஒன்பதாம் வகுப்புக்கு உண்மையிலேயே ஏழு பீரியட் இருந்தது. பழைய பள்ளியில் அவள் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டாள். எடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் மேரியிடமிருந்து போன் வந்தது. தயங்கித் தயங்கிப் பேசினாள். அன்பரசியின் முதுகலைச் சான்றிதழின் நகல் தெளிவாக இல்லை, இன்னொன்று வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா என்றாள். எதற்கு என்று கேட்டாள் அன்பரசி.

"ஸ்டாப் லிஸ்ட்ல சமூக அறிவியல்னு உங்க பேருதான் மேடம் இன்னும் கீது. பேர எடுக்க வேணாம்னு சார் சொல்லிட்டாரு. ஒன்பதாம் வகுப்பு, ஏழு பீரியட், நீங்கதான் எடுக்குறீங்க."

எதிரே மைதானத்தில் பிள்ளைகள் கூச்சலிட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அது அன்பரசியின் கண்ணில் படவில்லை. தன் பெயர் ஒரு லேமினேட் தாளுக்குள் மூச்சு முட்டக் கிடப்பதுதான் தெரிந்தது. அனுப்ப மாட்டேன் என்றாள். அனுப்பாவிட்டாலும் பழைய நகலையே வைத்துக்கொள்வார்கள் என்றாள் மேரி. குரலில் வருத்தம் இருந்தது.

அன்று மாலை அவள் தபால் நிலையத்துக்குப் போனாள். தன் பெயரை நீக்கச் சொல்லி இரண்டு பதிவுத் தபால் அனுப்பினாள், ஒன்று பள்ளிக்கு, ஒன்று செங்கல்பட்டுக்கு. பதிவு ரசீதுகளை வாங்கி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். போன தடவை கொடுத்த புகாருக்கும் இப்படித்தான் ஒரு ரசீது கொடுத்தார்கள்.