மறுவுலகத்து அசுவினி

எங்கள் இங்கிலாந்துச் சிற்றூரான லட்லோவில் வண்டு, பாசி, பூச்சி எதில் சந்தேகம் வந்தாலும் லெமுவெல் ஸ்பர்லிங்கைத்தான் கேட்போம். அவருக்கே தீராத சந்தேகம் ஒன்று இருந்தது: செத்தவர்களின் உலகத்திலும் இயற்கை விதிகள் செல்லுமா? செல்லும் என்று நிரூபித்துவிட்டால், அறிவியலும் ஆவியும் ஒரே பெஞ்சில் உட்காரலாம் என்று நம்பினார்.

அதற்கு ஆதாரம் தந்தவர், ஆவிகளை அழைக்கும் மிசஸ் ட்ராபல். தேநீர் முடிந்ததும் திரைகளை இழுத்துவிட்டு, மேசையைச் சுற்றிக் கைகோத்து உட்காருவோம். இருட்டில் பொத்தென்று ஒரு ரோஜா விழும், மறுவுலகத்திலிருந்து ஆவிகள் அனுப்பியதாம். இதில் சூட்சுமம் எளிது. இடப்பக்கத்தவரும் வலப்பக்கத்தவரும் அந்த அம்மாளின் ஒரே கையைத்தான் பிடித்திருப்பார்கள். மற்றக் கைக்கு விடுமுறை. அவர் பாவாடைக்குள் ஒரு கோழிக்கூண்டையே மறைக்கலாம், ரோஜா எம்மாத்திரம்!

லெமுவெலின் அக்கா டார்கஸுக்கு இது பொறுக்கவில்லை.

"லெமு, அது என் தோட்டத்து ரோஜாடா! மலர்க்காட்சிக்கு வளர்க்கிறேன். வருஷாவருஷம் அந்தப் பாதிரியார்கிட்ட தோத்துத் தொலையறேன், இந்தத் தடவையாவது ஜெயிக்க விடு."

"இதுல அசுவினிப் பூச்சி இருக்கே அக்கா!"

"என் செடியிலயும்தான் இருக்கு!"

"பாத்தியா? ரெண்டு உலகத்துலயும் ஒரே இனம்!"

செடிச்சாறு உறிஞ்சும் இந்த அசுவினியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் அதற்கு ஆண் துணை தேவையில்லை. தானாகவே குட்டி போடும். வயிற்றிலிருக்கும் மகளுக்குள்ளேயே பேத்தியும் வளரத் தொடங்கியிருப்பாள். இப்படி ஓயாமல் பெருகும் ஜீவன் சாவுக்காக மட்டும் நிற்குமா என்பது லெமுவெலின் வாதம்.

டார்கஸ் ஒரு சோதனை செய்தாள். புகையிலையை ஊறவைத்த நீரைச் செடி முழுக்கத் தெளித்தாள். புகையிலையின் நஞ்சு அசுவினியைக் கொல்லும், வாடையும் சுலபத்தில் போகாது. அடுத்த கூட்டத்தில் விழுந்த ரோஜா சுருட்டுக்கடை போல நாறியது. டார்கஸ் வெற்றியோடு தம்பியைப் பார்த்தாள். அவர் முகர்ந்தார். கண் கலங்கியது.

"அப்பா அங்கேயும் பைப் பிடிக்கிறாருக்கா!"

செடியில் மிஞ்சியது மூன்றே பூக்கள்.

மலர்க்காட்சி நடக்கும் வாரம் செவ்வாய்க்கிழமை டார்கஸ் தானே மேசையில் வந்து உட்கார்ந்தாள், எனக்குப் பக்கத்தில்.

"அப்பா, வந்திருக்கீங்களா?"

டொக். ஆவி தட்டினால் ஆமாம் என்று அர்த்தம். அவள் பூட்ஸ் மேசைக்காலில் மோதியது என் முழங்காலுக்குத் தெரிந்தது.

"என் ரோஜாவைப் பறிச்சா உங்களுக்குக் கோவம் வருமா?"

டொக், டொக், டொக்.

"அப்போ இனிமே காஞ்சொறிதான் அனுப்பணும். உங்களுக்கு அந்த சூப்னா உசிராச்சே!"

டொக்!

மிசஸ் ட்ராபல் இதை எப்படி மறுப்பார்? ஆவி பொய் சொல்கிறது என்றால் அவர் பிழைப்பு என்னாவது?

"வியாழக்கிழமையே வெச்சுக்கலாம்!" என்று துள்ளினார் லெமுவெல்.

வியாழனன்று மேசையில் ஒரு கட்டுக் காஞ்சொறி விழுந்தது. ஆசையோடு அள்ளிய லெமுவெல் அலறினார். அதன் ஒவ்வொரு முடியும் கண்ணாடி ஊசி. நுனி உடைந்ததும் உள்ளே இருக்கும் சாறு தோலில் இறங்கும். திரையை விலக்கினோம். மிசஸ் ட்ராபலின் விரல்கள் லெமுவெலின் விரல்களைவிட மோசமாகத் தடித்திருந்தன.

"நீங்க தொடவே இல்லையே, எப்படி வீங்குச்சு?" என்று கேட்ட லெமுவெல், தாமே பதிலும் கண்டுபிடித்தார். "ஆகா! ஆவி உங்க விரல் வழியாத்தான் வருது!"

சனிக்கிழமை மலர்க்காட்சிக் கூடாரத்தில் டார்கஸின் மூன்று ரோஜாக்களுக்கு முதல் பரிசு அட்டை செருகினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, விரல்களில் துணிக்கட்டோடு மிசஸ் ட்ராபல் வந்தார்.

"உங்கப்பாவுக்குத் தோட்டத்துமேல ரொம்பப் பிரியம் போல, மிஸ் ஸ்பர்லிங்."

"ஆமா மேடம். அடுத்து பாதிரியாரோட டேலியா பூ வேணும்னு சொல்றாரு."