கண்ணாடியில் செய்த வீடு

கட்டட மாடல் செய்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எது நிற்கப்போகிறதோ அதை மரத்தில் செய்வார்கள். புதிதாக வருவதற்கு வெள்ளை அட்டை. இடித்துத் தள்ளப்போவதைக் கண்ணாடி மாதிரி இருக்கும் அக்ரிலிக்கில் செய்துவிடுவார்கள். பார்க்கிறவன் கண் அதில் தங்காமல் பின்னால் இருப்பதற்குப் போய்விடும். ஹம்சினிக்கு இது எட்டு வருஷப் பழக்கம். நியூ டவுனில் அவள் வேலை செய்யும் கம்பெனியில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை.

கிடர்பூர் திட்டத்தின் வரைபடம் மேஜைக்கு வந்தபோது, ‘அக்ரிலிக்’ என்று குறித்திருந்தது அவள் பிறந்து வளர்ந்த நாலு மாடிக் கட்டடத்தை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா பட்டாபியோடு இன்னும் அங்கேதான் குடியிருக்கிறாள். முதலாளி ரஞ்சனிடம் போய்க் கேட்டாள். வீட்டுக்காரர்கள் மாடலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தானே இடிப்போம் என்றார் அவர். அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றும் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் அதை இலை நடுவில் வைத்தே மறைக்கிற ஆள்.

ஹம்சினிக்கு வேலை போய்விடுமோ என்று பயம். அதற்கு ஒரு சமாதானமும் கண்டுபிடித்துக்கொண்டாள்: மாடல் பொய் சொல்லாது, பார்த்தாலே எல்லோருக்கும் புரிந்துவிடும். இப்படி நினைத்துக்கொண்டே அக்ரிலிக்கை வெட்டி ஒட்டினாள். தங்கள் வீட்டு மூன்றாம் மாடிப் பால்கனியை மட்டும் இரண்டு தரம் பாலிஷ் போட்டாள். வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அலிப்பூரில் ஒரு ஹாலில் மாடலை வைத்தார்கள். பலகைக்கு அடியில் ரஞ்சன் விளக்குப் போட்டிருந்தார். மரமும் அட்டையும் மங்கிக் கிடக்க, அக்ரிலிக் கட்டடம் மட்டும் ஜொலித்தது. எல்லோரும் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் மேல்வீட்டு வங்காளி மஹிமா, தேக்கில் செய்திருந்த பக்கத்துக் கிடங்கைக் காட்டி, பாவம், அதைத்தான் இடிக்கப்போகிறார்கள் போலிருக்கிறது என்றாள். நம் கட்டடத்தைக் கண்ணாடி போட்டுப் புதுப்பிக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, எல்லோருக்கும் அதுவே நிச்சயமாகிவிட்டது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. என் பொண்ணு பண்ணினது என்று பட்டாபி ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என்பதால், மாடலில் உள்ளபடி திட்டத்துக்குச் சம்மதம் என்று மட்டும் எழுதியிருந்த கடிதத்தில் முதல் கையெழுத்தும் அவரே போட்டார். பேனாவை பௌதியிடம் நீட்டினார்.

ரஞ்சன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹம்சினி குறுக்கே போய்ப் பேனாவைப் பிடித்தாள்.

“அப்பா, கண்ணாடியா பண்ணியிருக்கறது எதுவும் இருக்கப்போறதில்லப்பா. நம்மாத்த இடிச்சுடுவா.”

பௌதி என்னவென்று கேட்டாள். ஹம்சினி வங்காளத்திலும் அதைச் சொன்னாள். கையெழுத்துக்கு நின்ற வரிசை கலைந்தது. ரஞ்சன் அவளைப் பார்க்காமல் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இனி வேலை இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது இப்போது பெரிதாகப் படவில்லை.

பட்டாபி குனிந்து மூன்றாம் மாடிப் பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத எப்போ பண்ணினே?”

“மூணு வாரம் ஆச்சுப்பா.”

“மூணு வாரமா தினம் எங்கூட உக்காந்துதானே சாப்பிட்டே” என்றார்.

கடிதத்தில் தன் பெயரை அடித்துவிட்டு, பௌதியோடு வீட்டுக்குக் கிளம்பினார். ஹம்சினியை வா என்று கூப்பிடவில்லை.