மலட்டுப் பூ

கூரத்தில் அர்ஜுனன் வீட்டுக் கொல்லையில் அந்த மார்கழி பூரா பூசணிப் பிஞ்சுகள் மஞ்சளாகி, வெம்பி, பொத்துப் பொத்தென்று உதிர்ந்தன. பழி யார் தலையில் விடியும்? கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் பிள்ளை பெறாத மருமகள் கிருஷ்ணவேணி தலையில்தான். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினாலே அழுகிவிடும் என்று நம்புகிற ஊர் அது. தினம் தண்ணீர் ஊற்றுகிற கையைச் சும்மா விடுமா?

"மலடி கை பட்டா கொடி எப்படிம்மா காய்க்கும்?" என்று மாமியார் லோகாம்பாள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். சொன்னதோடு நின்றாளா? மகனுக்கு இரண்டாந்தாரம் பார்க்கவும் கிளம்பிவிட்டாள். அந்த மகராசன் அர்ஜுனன் வாயில் கொழுக்கட்டை.

இதில் வேடிக்கை என்னவென்றால், லோகாம்பாள் அந்த வருஷம்தான் பூ வியாபாரத்தில் இறங்கியிருந்தாள். காஞ்சிபுரத்து நெசவுத் தெருக்களில் மார்கழிக் கோலத்துச் சாணி உருண்டையில் செருகப் பூசணிப் பூவுக்கு அடிதடி. பொழுது புலரும் முன்பே கொடியை மொட்டையடித்துக் கூடையோடு பஸ் ஏறிவிடுவாள். அடியில் பிஞ்சு ஒட்டிய பூவைத் தொடமாட்டாள். நீளக் காம்பில் நிற்கிற வெறும் பூவை ஒன்று விடமாட்டாள். "இது மலட்டுப் பூ. கொடியில இருந்து இன்னா கிழிக்கப் போவுது?" என்பாள். முந்தின வருஷங்களில் தன் வாசலுக்கு மட்டும் நாலைந்து பறித்தாள், காயும் தாராளமாகக் காய்த்தது. அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?

திருமுக்கூடலுக்குப் பெண் பார்க்கப் போன லோகாம்பாள் இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டாள். பூவைப் பறித்து வைக்கச் சொல்லிவிட்டுத்தான் போனாள். 'காய்க்கு ஆகாத கை பூவுக்கு மட்டும் ஆகுமோ?' என்று கிருஷ்ணவேணி வீம்பாக ஒரு பூவையும் தொடவில்லை.

வெயில் ஏற, அழுதபடி கொடியண்டை உட்கார்ந்திருந்தவள் கண்ணில் ஒரு தேனீ பட்டது. வெறும் பூவுக்குள் புகுந்து புரண்டு, உடம்பெல்லாம் மஞ்சள் பொடியாக வெளியே வந்து, நேரே ஒரு பிஞ்சுப் பூவுக்குள் நுழைந்தது. அவள் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். பிஞ்சுப் பூவின் நடுவிலிருந்த பிசுபிசுப்பில் அந்தப் பொடி அப்பியிருந்தது. அடுத்த தேனீ வந்தது, அதுவும் அதையே செய்தது. "அடிப்பாவி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அந்த இரண்டு நாளில் பூத்த பிஞ்சுகள் உதிரவில்லை, பருத்தன. லோகாம்பாள் வந்து மறுபடி கூடையைத் தூக்கிய பிறகு பூத்தவை பழையபடி வெம்பின. அதையும் பார்த்துவிட்டுத்தான் கிருஷ்ணவேணி ஒரு நாள் விடியலில் கொடிக்கு முன்னால் போய் நின்றாள்.

"பறிக்காதீங்க அத்தை."

"நகருடி. மலட்டுப் பூவுக்குக் காவலா?"

"அது மலடு இல்ல, ஆம்பளப் பூ. அதுல இருக்கிற பொடியத் தேனீ கொண்டாந்து போட்டாத்தான் பிஞ்சு நிக்கும். நீங்க ஊர்ல இல்லாதப்போ பூத்தது எப்படிப் பருத்துக்கினு இருக்குது, பாருங்க. நீங்க பறிச்ச அன்னைக்குப் பூத்ததையும் பாருங்க. கொடி மேல ஒரு குத்தமும் இல்ல."

லோகாம்பாள் பார்த்தாள். பார்த்தும், "அதுக்கு இன்னாடி இப்போ? தை பொறந்தா பொண்ணு வீட்டுக்காரங்க வராங்க" என்றாள்.

கிருஷ்ணவேணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த அர்ஜுனனைப் பார்த்துத் திரும்பினாள்.

"இன்னாய்யா, சொல்லிடவா? பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா என்னைச் சோதிச்சுட்டு இன்னா சொன்னாங்க? உன் மேல குறை இல்ல, புருஷனைக் கூட்டிக்கினு வான்னாங்க. நான் எத்தினி வாட்டி கூப்பிட்டேன்? ஒரு வாட்டியாவது வந்தியா? உங்கம்மா என்னை மலடி மலடின்னு ஊரைக் கூட்டுறப்ப வாயை மூடிக்கினு இருந்தியே, வெக்கமா இல்ல?"

"டேய், நெசமாடா?" என்றாள் லோகாம்பாள்.

கிருஷ்ணவேணி அவனை விடவில்லை.

"இன்னைக்குக் காலை பஸ்ல ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீ வரலன்னா நான் திருமுக்கூடல் பஸ் ஏறுவேன். அந்தப் பொண்ணு முன்னால நின்னு இதையே சொல்லுவேன்."

லோகாம்பாள் மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அர்ஜுனன் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.