பதிமூன்று மணி நேரம்

கஸ்தூரி பிறந்ததிலிருந்து ஒரு சிகரெட்டை உதட்டில் வைத்தவள் அல்ல. ஆனால் அந்த மருத்துவக் கல்லூரி மாணவர்களைக் கேட்டால், மலேசியாவில் ஜொகூர் மாநிலத்திலேயே அவளைப் போல அடங்காத புகைக்காரி கிடையாது என்று சத்தியம் செய்வார்கள்.

விஷயம் இதுதான். டாக்டராகப் போகிற பிள்ளைகள் நோயாளியிடம் பேசிப் பழக வேண்டும். நிஜ நோயாளியிடம் பழகினால் அவர் பாடு திண்டாட்டம். அதனால் நோயாளி மாதிரி நடிக்கக் கல்லூரியில் ஆட்களை வைத்திருந்தார்கள். மலாய் பேச நாலு பேர், சீனம் பேச மூன்று பேர், தமிழுக்குச் சுகுமாறனும் கஸ்தூரியும். கெலாங் பாத்தாவில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலை வேலையை விட்டு வீட்டில் இருந்தவளுக்கு இந்த வேலை வெல்லமாய் இனித்தது. இரண்டு வருடத்தில் அவளுக்குச் சர்க்கரை வந்தது, முட்டிவலி வந்தது, ஒருமுறை பெறாத மகனைப் பறிகொடுத்து ஒரே பிற்பகலில் ஆறு தடவை அழுதாள். சாயங்காலம் பஸ் ஏறும்போது எல்லாம் குணமாகிவிடும்.

புகைக்காரர் வேடம் முதலில் சுகுமாறனுடையது. அவர் மகளோடு மெர்சிங்குக்குக் குடிபோய்விட்டார். பயிற்சியை நடத்தும் டாக்டர் ஷாமளா, கஸ்தூரியிடம் காகிதத்தை நீட்டினாள்.

"நானா? நான் பொம்பள, டாக்டர்."

"பொம்பளைங்க புடிக்க மாட்டாங்களா? பேர மட்டும் மாத்திட்டேன், பாருங்க."

காகிதத்தில் நாலே வரி. பெயர் வெள்ளையம்மா. வயது ஐம்பத்து நான்கு. சிங்கப்பூரில் வேலை. முப்பது வருடமாகப் புகைக்கிறார், விட மனமில்லை. மீதியை நடிப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு விதிதான். அதை டாக்டர் ஷாமளா எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவாள்: "உங்க வீட்டக் கொண்டாந்து இந்த ரூம்ல வைக்காதீங்க. நடிப்பு நடிப்பா இருக்கட்டும்."

இரண்டு வருடம் கட்டிக்காத்த விதியைக் கஸ்தூரி அந்த வேடத்தின் முதல் நாளே காற்றில் பறக்கவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வெள்ளையம்மா என்ன பேசுவாள் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வீட்டில் ஒருவர் இருபத்தெட்டு வருடமாக அதைத்தானே பேசிக்கொண்டிருக்கிறார்! புருஷன் சதாசிவத்தின் வசனங்களைப் புடவை கட்டிக்கொண்டு ஒப்பித்தாள், அவ்வளவுதான்.

செல்வா என்றொரு மாணவன் புற்றுநோய்ப் படத்தோடு வந்தான். "ஆண்ட்டி, சிகரெட்ல ஆயிரக்கணக்குல கெமிக்கல் இருக்கு."

"சாம்பார் தூள்ல இல்லையா தம்பி?"

"நுரையீரல் கெட்டுப் போயிரும் ஆண்ட்டி."

"எங்க சித்தப்பா எம்பது வயசு வரைக்கும் சுருட்டு புடிச்சாரு. பஸ்ஸு மோதித்தான் செத்தாரு."

செல்வா வியர்த்துப்போய் வெளியே வந்தான். அன்றைக்கு வந்த ஒன்பது பேரும் அப்படித்தான். மாணவர்கள் அந்த அறைக்குச் சிங்கக் கூண்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். கஸ்தூரிக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பொய் என்ன, நிறையவே இருந்தது.

பெருமை பஸ் ஏறும் வரைக்கும்தான். மற்ற நோயெல்லாம் கல்லூரி வாசலோடு போய்விடும், இது மட்டும் வீட்டில் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும்.

சதாசிவம் தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடலைத் தாண்டும் இரண்டாவது பாலம் வழியாகச் சிங்கப்பூர் போய், துவாஸில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டு ஆறரைக்குத் திரும்புகிறவர். நாலு வாரத்துக்கு முன்னால், நடந்தால் கெண்டைக்கால் இழுக்கிறது என்று அரசாங்கக் கிளினிக்கில் காட்டினார்கள். அங்கிருந்த டாக்டர் அவர் பாதத்தில் விரலை வைத்து நாடி தேடினார். வெகுநேரம் தேடினார். பிறகு கஸ்தூரியைப் பார்த்துத்தான் சொன்னார்: காலுக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கிக்கொண்டு வருகிறது. சிகரெட்டை விட்டால் கால் தப்பிக்கும். விடாவிட்டால் விரலில் தொடங்கி மேலே மேலே எடுக்க வேண்டி வரும். அடுத்த மாதம் முதல் புதன்கிழமை திரும்ப வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அவர் செய்த முதல் காரியம், பின்பக்கம் போய் ஒன்றைப் பற்றவைத்தது.

கஸ்தூரிக்குப் பயம். அந்தப் பயத்தை அவள் யாரிடமும் பயமாகக் காட்டவில்லை, கோபமாகத்தான் காட்டினாள். திட்டினாள், அழுதாள், முருகன் படத்தின் முன்னால் சத்தியம் கேட்டாள். எல்லாம் செவிடன் காதில் ஊதின சங்கு. கடைசியில் ஒரு காரியம் செய்தாள். கல்யாணமானதிலிருந்து அவருக்கு விடியற்காலையில் ஃபிளாஸ்க் நிறைய இஞ்சி டீ போட்டுக் கொடுப்பாள், இஞ்சியை அம்மியில் தட்டி, துண்டும் தோலுமாக அப்படியே உள்ளே போட்டு. அதை நிறுத்தினாள். "கால் வேணாங்கிற மனுஷனுக்கு டீ எதுக்கு? இனிமே என் கை வராது" என்றாள். அவர் ஃபிளாஸ்க் இல்லாமலே கிளம்பினார். ஃபிளாஸ்க் மூன்று வாரமாகப் பாத்திரக் கூடையில் கவிழ்ந்து கிடந்தது.

அந்த நிலையில்தான் ஒரு வியாழக்கிழமை சிங்கக் கூண்டுக்குள் இக்ரா வந்தாள். கிளினிக் டாக்டர் வரச் சொன்ன புதன்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

இக்ரா ஆயர் ஈத்தாம் ஊர்க்காரி. அவள் அத்தாவுக்கு அங்கே நெடுஞ்சாலையோரம் ஒரு சாப்பாட்டுக் கடை. பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் மேசை மேசையாக ஆர்டர் எடுத்து வளர்ந்த பெண். வந்தவள் புற்றுநோய்ப் படம் எதையும் எடுக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூலையில் டாக்டர் ஷாமளா மதிப்பெண் தாளோடு இருந்தாள்.

"அம்மா, என் பேரு இக்ரா. சிகரெட் பத்திக் கொஞ்ச நேரம் பேசலாமா? வேணாம்னா வேற ஏதாச்சும் பேசலாம்."

கஸ்தூரிக்கு முதல் அடியே சறுக்கியது. இதுவரை யாரும் அனுமதி கேட்டதில்லை.

"பேசு. ஆனா விடச் சொல்லாத. அது மட்டும் நடக்காது."

"சரிம்மா, சொல்லல. உங்க ஒரு நாள் எப்படிப் போகும்னு மட்டும் சொல்லுங்க. எந்திரிச்சதுல இருந்து."

இதென்ன கேள்வி என்று நினைத்தாலும் கஸ்தூரி வாயைத் திறந்தாள். சதாசிவத்தின் நாள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"நாலரைக்கு எந்திரிப்பேன். பின்னால நின்னு ஒன்னு. பைக்க எடுக்கறதுக்கு முன்னால இன்னொன்னு. அப்பறம் பாக்கெட்ட ஷூ ராக்குல, பழைய ஷூவுக்குள்ள வெச்சிட்டு அஞ்சரைக்குக் கெளம்பிருவேன். வீடு திரும்ப ஆறரை ஆயிரும்."

"ஏன், கூட எடுத்துட்டுப் போக மாட்டீங்களா?"

"ஐயோ அலமாக், எப்படி எடுத்துட்டுப் போறது? சிங்கப்பூருக்குள்ள ஒரு குச்சி கொண்டு போனாலும் சொல்லி வரி கட்டணும். இல்லாட்டி கஸ்டம்ஸ்ல ஃபைன் போட்டுத் தீட்டிருவான்."

"அப்ப அங்கயே வாங்குவீங்க."

"அங்க விக்கிற வெலைக்கா? அது பகல் கொள்ள லா."

இக்ரா மேசையைப் பார்த்தாள். கடையில் ஆர்டர் எடுத்த பிள்ளை, சாப்பிடுகிறவர் முடிவெடுக்கும் வரை நிற்கத் தெரிந்தவள்.

"அப்படின்னா அம்மா, காலைல அஞ்சரையில இருந்து சாயங்காலம் ஆறரை வரைக்கும் நீங்க புடிக்கறதே இல்ல."

"அது... ஆமா."

"பதிமூணு மணி நேரம். தெனமும்." அவள் குரலில் கிண்டல் இல்லை, உண்மையான வியப்புத்தான் இருந்தது. "ரொம்பக் கஷ்டமா இருக்குமே. எப்படிம்மா தாங்கறீங்க?"

கஸ்தூரி வெள்ளையம்மாவின் வசனத்தைத் தேடினாள்.

சாம்பார் தூளும் சித்தப்பாவும் இதற்கு உதவவில்லை. சதாசிவம் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. சொன்னதில்லை என்ன, அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பாக்கெட் நாள் முழுக்கப் பழைய ஷூவுக்குள் கிடக்கும். வீடு கூட்டும்போதெல்லாம் அதைப் பார்த்துத் திட்டியிருக்கிறாள். அது இங்கே கிடந்தால் அங்கே அவர் வெறுங்கையோடு இருக்கிறார் என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவை தோன்றவில்லை. மனுஷன் ஒரு நாளின் பாதிக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வீடு வருகிறார். வாசலில் கால் வைத்ததும் அவள் ஆரம்பித்துவிடுகிறாள்.

"தெரியல" என்றாள். அது வெள்ளையம்மாவின் குரல் இல்லை. "தெரியலம்மா. நான் கேட்டதே இல்ல."

கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இக்ரா பதறிப்போய் டிஷ்யூப் பெட்டியைத் தள்ளினாள். "சாரிம்மா, நான் தப்பா ஏதாச்சும் கேட்டுட்டேனா?" என்று மூலையையும் பார்த்தாள். நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது.

பெண் வெளியே போனதும் டாக்டர் ஷாமளா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கஸ்தூரிம்மா, வீட்டக் கொண்டாந்துட்டீங்க."

"தப்புத்தான் டாக்டர். இன்னிக்கு இல்ல, மொத நாள்ல இருந்தே கொண்டாந்துட்டேன். அந்தப் பொண்ணுக்கு மார்க் கொறச்சிடாதீங்க."

"அவளுக்கு ஏன் கொறைக்கணும்? உங்க தாள நீங்க இன்னும் எழுதல."

நடிப்பவர்களும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். அதில் ஒரே கேள்வி: இந்த டாக்டரிடம் திரும்ப வருவீர்களா? ஒன்பது பேருக்கும் யோசிக்காமல் 'இல்லை' போட்டவள், இக்ரா பெயருக்கு நேரே 'வருவேன்' என்று எழுதினாள். பிறகு, போதாது என்று நினைத்தோ என்னவோ, 'புருஷனையும் கூட்டிக்கொண்டு வருவேன்' என்று சேர்த்தாள்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். இருபத்தெட்டு வருடமாக நாம் மாட்டை உதைத்துக்கொண்டு அல்லவா இருந்தோம் என்று பஸ்ஸில் வரும்போது கஸ்தூரி நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு திரும்பவும் அழுகை வந்தது. பக்கத்து இருக்கை மலாய்க்காரம்மா கவலையோடு பார்த்தாள்.

ஆறரைக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சதாசிவம் ஹெல்மெட்டைக் கழற்றினார், ஷூ ராக்கில் கையை விட்டார், லேசாக நொண்டிக்கொண்டு சமையலறையைக் கடந்து பின்பக்கம் போனார். நடக்கும்போதே தோளை ஒடுக்கிக்கொண்டார். வழக்கமாகத் திட்டு விழுகிற இடம் அது. அன்றைக்குத்தான் கஸ்தூரி அந்தத் தோளைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

பின்னாலேயே போய்ப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிகரெட் வாயில் இருந்தது, இன்னும் பற்றவைக்கவில்லை.

"என்ன? ஆரம்பி" என்றார்.

"ஒன்னு கேக்கணும். திட்டறதுக்கு இல்ல."

அவர் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். இருபத்தெட்டு வருட அனுபவம், சும்மா நம்பிவிடுவாரா?

"அங்க நாள் முழுக்க ஒன்னுகூட இல்லாம இருக்கீங்களே, எப்படிங்க தாங்கறீங்க?"

சதாசிவம் அவளையே பார்த்தார். பொறி எங்கே வைத்திருக்கிறாள் என்று தேடுவது போலிருந்தது. ஒன்றும் தென்படவில்லை போல. பார்வையை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பத்து மணிக்குத்தான் மோசம். கை நடுங்கும். யாராச்சும் பேசுனா எரிஞ்சி விழுவேன். அப்ப ஃபிளாஸ்க்கத் தொறப்பேன். டீயக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சிட்டு, கீழ கெடக்குற இஞ்சிய எடுத்து வாயில அடக்கிக்குவேன். ஒரு துண்டு ஒரு மணி நேரம் வரும். காரம் ஏற ஏற அந்த நெனப்பு போயிரும். எட்டுத் துண்டு இருக்கும். எண்ணி வெச்சிப்பேன்."

கஸ்தூரிக்குக் கூடையில் கவிழ்ந்து கிடந்த ஃபிளாஸ்க் ஞாபகத்துக்கு வந்தது.

"இந்த மூணு வாரமா?"

"மொத ரெண்டு நாள் தாக்குப் புடிச்சேன். அப்பறம் கூட வேல செய்ற பங்களாதேஷ்காரன்கிட்ட ஒன்னு கேட்டேன். இப்ப தெனம் ரெண்டு. அவன் பாவம், நல்லவன், குடுத்துடறான்."

"ஏங்க, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்றது? நீ கோவமா இருந்த. கோவத்துல நியாயம் இருந்துச்சி. கால் என்னோடதுதான், ஆனா பயம் உன்னோடதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவர் பிடித்துக்கொண்டிருந்த கொம்பையே பிடுங்கிவிட்டிருக்கிறாள். கஸ்தூரி அவர் வலது காலைப் பார்த்தாள். செருப்புக்கு வெளியே தெரிந்த விரல்கள் வெளுத்திருந்தன. கையை நீட்டித் தொட்டாள், ஜில்லென்று இருந்தது. இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டாள். சதாசிவம் கூச்சப்பட்டுக் காலை இழுக்கப் பார்த்தார், அவள் விடவில்லை.

"பதிமூணு மணி நேரம்" என்றாள். "என்னால முடியாதுங்க. சத்தியமா முடியாது. நீங்க கெட்டிக்காரரு."

கல்யாணமான நாளிலிருந்து சிகரெட் விஷயத்தில் அவரைப் பார்த்து அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. சதாசிவத்துக்கு அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினார். கையிலிருந்த சிகரெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

விடு என்று கஸ்தூரி சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். பற்றவைக்கிறாரா என்று திரும்பிப் பார்க்கவும் இல்லை. கவிழ்ந்திருந்த ஃபிளாஸ்க்கைக் கழுவி நிமிர்த்தி வைத்தாள். விடியற்காலைக்கு வேண்டிய இஞ்சியை எடுத்து அம்மியில் வைத்துத் தட்டத் தொடங்கினாள்.

"என்ன சத்தம்?" என்றார் வெளியிலிருந்து.

"இஞ்சிதான். நாளைக்கு."

லைட்டர் சத்தம் கேட்கவில்லை. பிறகு சதாசிவம் சமையலறை வாசலில் வந்து நின்றார். சிகரெட் இன்னும் கையில்தான் இருந்தது, கொஞ்சம் கசங்கிப்போய்.

"நெறையாவே தட்டு" என்றார். "வீட்டுக்கு வந்தப்பறமும் வேணும்ல."