துணைப் பயணி

சரீப் கத்தாரில் ஜெனரேற்றர் திருத்துகிறவர். மஸ்கட், குவைத், நைரோபி என்று எங்கே மெஷின் நின்றாலும் கம்பனி அவரைத்தான் அனுப்பும். அப்படிப் பறந்து பறந்து சேர்ந்த புள்ளிகளுக்காக விமானக் கம்பனி அந்த வருடம் ஒரு சலுகை கொடுத்தது. அவர் தனக்கொரு ரிக்கற் எடுத்தால், கூட வருகிற ஒருவருக்கு இலவசம். போகும்போதும் திரும்பும்போதும் அந்த ஆள் அவரோடு அதே விமானத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ரிக்கற் செல்லாது.

கல்முனைக்குடியில் இருந்த மனைவி றபீக்காவிடம் போனில் சொன்னார். அவள் யோசிக்கவே இல்லை.

"நிப்லாட பேறுக்குப் போவம்."

மகள் நிப்லா கணவன் மிஹ்லாருடன் கோலாலம்பூரில் இருந்தாள். வயிற்றில் முதல் பிள்ளை. டொக்டர் சொன்ன நாள் டிசம்பர் பத்து. சரீபுக்குப் பதினான்கு நாள் லீவு. நான்காம் திகதி போய்ப் பதினேழாம் திகதி திரும்புவதென்று முடிவாயிற்று.

அவர் வீட்டுக்குக்கூட வரவில்லை. தோஹாவிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கினார். றபீக்கா கல்முனையிலிருந்து பஸ்ஸில் வந்து, கால் வீங்கிப்போய், அங்கேயே அவரைச் சந்தித்தாள். விமானத்தில் கதைக்க அவளிடம் எவ்வளவோ இருந்தது. குசினிக் கூரை ஒழுகுவது, மதில் கட்டுவது, அவளுடைய பிரஷர். விமானம் மேலே எழும்புமுன்பே சரீப் தூங்கிவிட்டார். சரிந்த தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு அவள் முன்சீற்றைப் பார்த்தபடி இருந்தாள்.

மகள் வீட்டிலும் அவர் சோபாவில் தூங்கினார். பத்தாம் திகதி வந்தது, போனது. பதினான்கும் போனது. நிப்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் மெல்ல நடந்தாள்.

"என்னாலதானே வாப்பா உங்கட லீவெல்லாம் வீணாப் போகுது."

"அப்பிடிச் சொல்லாத மகள். அல்லாஹ் நினைச்ச நேரம் வரட்டும்."

பதினேழாம் திகதி காலைச் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு நோவு தொடங்கியது. விமானம் மாலை ஐந்து மணிக்கு. ஆஸ்பத்திரி வாசலில் பெட்டிகளோடு இருவரும் நின்றார்கள்.

"நீங்க போங்க," என்றாள் றபீக்கா. "நான் நிக்கிறன். என்ட ரிக்கற் போனாப் போகட்டும்."

சரீப் பெட்டியின் பிடியைக் கையில் எடுத்தார். பிறகு விட்டார்.

"நிப்லா புறக்கக்குள்ள நான் எங்க இரிந்தன்?"

"சவூதியில. கடையொண்டுல இரிந்து ரெலிபோன் எடுத்தீங்க. கட் ஆகிட்டு."

அவர் அருகிலிருந்த கதிரையில் உட்கார்ந்தார். "இஞ்சப் பாரு, எனக்கு இனி ஓட ஏலாம இரிக்கி. நான் போகல்ல."

மனேஜருக்குப் போன் எடுத்தார். அந்தப் பக்கத்துச் சத்தம் றபீக்காவுக்கும் கேட்டது. "ஓகே சேர், ஓகே சேர்," என்று மட்டும் சொல்லிச் சரீப் போனை வைத்தார்.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு மிஹ்லார் வெளியே ஓடிவந்தான். "மாமா, பொம்புளப்புள்ள! ரெண்டு பேரும் சுகம்." கதிரையிலேயே உறங்கிப்போயிருந்த சரீபை றபீக்கா தட்டி எழுப்பினாள். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். பிள்ளையைத் தூக்கி, வழக்கப்படி அதன் காதில் பாங்கு சொன்னார். றபீக்கா அவருடைய முதுகில் கை வைத்தாள்.

மூன்று நாள் கழித்து, கிடைத்த ரிக்கற்றுகளில் திரும்பினார்கள். அவருக்கு முன்வரிசை, அவளுக்குக் கடைசி வரிசை. கட்டுநாயக்காவில் இறங்கியதும் கம்பனியின் மெசேஜ் வந்திருந்தது. இனி வெளிநாட்டுப் பயணங்களுக்கு வேறு ஆள்; அவர் தோஹா வேர்க்‌ஷொப்பில் இருக்கவேண்டும்.

"வேல போகல்லதானே?" என்றாள் றபீக்கா.

"இல்ல. பறக்கிறது மட்டும்தான் இல்ல."

"அப்ப நல்லம்."

தோஹா விமானத்துக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது. இருவரும் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார்கள். குசினிக் கூரையைப் பற்றி அவள் சொன்னாள். அவர் விழித்திருந்து கேட்டார். எந்த ஓடு, எந்தப் பக்கம் என்று விசாரித்தார்.

பஸ்ஸுக்கு எழும்பும்போது அவள் சொன்னாள்: "அடுத்த லீவுக்கு நேரா வீட்டுக்கு வாங்க. நான் எங்கயும் வரல்ல."

"ஓம்," என்றார் சரீப்.